சூடம் அணைத்துச் சேர்த்த பள்ளிக்கூடம்

பிச்சையம்மாளின் வாயைப் பற்றிக் கிழக்குத் தறித் தெருவில் யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொல்லும்படி அவளும் நடந்துகொண்டதில்லை. புருஷன் செத்த அன்று கட்டிப்பிடித்து அழ வந்த பக்கத்து வீட்டுப் புதுப்பெண்ணிடம், "பொங்கலுக்கு வாங்கிட்டுப் போன இட்லிச் சட்டியக் கொண்டாந்து வச்சிட்டு அழுட்டி" என்றவள் அவள். அந்தப் புதுப்பெண் கருத்தம்மா. அழுகையை அப்படியே நிறுத்திவிட்டுப் போய்ச் சட்டியை எடுத்து வந்து வைத்தாள். பிறகு உட்கார்ந்து மிச்சத்தை அழுதாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் இருவரும். இவளை அவள் மதினி என்பாள். சொந்தம் ஒன்றும் கிடையாது.

ராஜபாளையத்தில் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் அந்தத் தெரு. வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணிதான் அங்கே நெசவு. பெரியவர்கள் தறியைப் பார்க்க, பிள்ளைகள் தார் சுற்றும். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் நூலைச் சுற்றிக் கொடுக்கிற வேலை அது. பிஞ்சுக் கைக்குத்தான் வாகு என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டால் அவர்களுக்கு வசதி.

பிச்சையம்மாளும் அப்படித்தான் தன் ஒரே மகன் காமராஜைத் தார்க்கட்டைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அப்போது அவனுக்கு ஏழு வயது. அப்பன் இல்லாத வீடு, வேறு வழி இல்லை என்றாள். வழி இருந்ததா என்று தேடிப் பார்த்தாளா என்றால், அதுவும் இல்லை.

அவன் தென்னங்கன்று மாதிரி வளர்ந்தான். எண்பத்து நாலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். அந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போகாத குடும்பம் குறைச்சல். ஓடச் சொன்னார்கள், முதல் ஆளாக ஓடி வந்தான். மார்பை அளந்தார்கள், விரித்துக் காட்டினான். பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றான். எத்தனையாவது வரைக்கும் என்றார்கள். போனதே இல்லை என்றான். அளந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இந்த உடம்ப வச்சிக்கிட்டு இப்படிப் பண்ணிட்டியேப்பா" என்றாராம்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டான், தூங்கினான், மறுநாள் தறிக்குப் போனான். நடந்ததைக் கூடப் போன பையன்கள்தான் வந்து சொன்னார்கள். அவன் தாயை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் பிச்சையம்மாள் திருப்பி நாலு வார்த்தை ஏசிக் கணக்கைத் தீர்த்திருப்பாள். அவன் பேசாமல் இருந்தது அவள் நெஞ்சில் எலும்புத் துண்டு மாதிரிச் சிக்கிக்கொண்டது.

மறு வருஷம் ஊர்க்கூட்டத்தில் பள்ளிக்கூடம் பற்றிப் பேச்சு வந்தபோது, பெண்கள் பேசாத அந்தக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"கோயிலுக்குச் சொந்தமான பழைய தறிக் கொட்டகை சும்மாதானே கெடக்கு. அதுல பள்ளிக்கூடம் வைங்க. பிள்ளையளச் சேத்துவிடுதது எம் பொறுப்பு."

எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஊர் கேட்டுக்கொண்டது. கொட்டகையைக் கூட்டி, ஓடு மாற்றி, சுவரில் கரி பூசினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற மாதிரி ஒரு டீச்சரும் கிடைத்தாள். ஞானபாக்கியம் என்று பெயர். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், டீச்சர் பயிற்சி முடித்தவள், அதட்டத் தெரியாதவள். கல்வி ஆபீசில் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தை மாதம் பார்வையிட வருவோம். வருகிற அன்றைக்குக் கொட்டகை நிறையப் பிள்ளைகள் இருந்தால்தான் அங்கீகாரம். இல்லையென்றால் கொட்டகையைப் பூட்டிவிட்டு அவரவர் வேலையைப் பாருங்கள்.

பிள்ளைகளைக் கேட்டு வீடு வீடாகப் போக வேண்டும். நல்ல காரியத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் வழக்கம். அந்தத் தட்டைத் தாலி அறுத்தவள் தொடக்கூடாது. அதற்கும் கருத்தம்மாதான் வந்தாள். தட்டு அவள் கையில், வாய் இவளுக்கு. அப்படி இரண்டு பேரும் தெருவை அளந்தார்கள்.

முதல் வீடு சமுத்திரத்துடையது. வாசலில் குந்தியிருந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மதினிமாரே, தட்டோட வாறீய. யாரு வீட்டுல சடங்கு?"

"ஒன் வீட்டுலதான். ஒம் மவனப் பள்ளிக்கூடத்துல ஒக்கார வைக்கணும்."

"அவன் ஒக்காந்தா தார யாரு சுத்துவா? நீங்க வந்து சுத்துவீயளா?"

"நீ பீடி இழுக்குத நேரத்துல சுத்தலாம்லா."

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி சிரித்த சத்தம் கேட்டது. சமுத்திரத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

"தண்டவாளத்துக்கு அந்தாண்ட இருக்க பள்ளிக்கூடத்துல சத்துணவு போடுதாக. ஒங்க கொட்டகைல என்ன போடுவீய?"

"அங்க போடுத சோத்த ஒம் மவன் என்னைக்குப் போயித் தின்னான்? ரயிலு வரும், பிள்ள பயப்படுதான்னு சொன்னவன்தானல நீ. இப்ப ரயிலு வராத எடத்துலதான் வச்சிருக்கோம்."

வாயால் ஜெயித்து வந்தாள். ஆனால் வாயால் ஜெயித்தால் பிள்ளை வருமா? முதல் வாரம் கொட்டகை நிறைந்தது. இரண்டாவது வாரம் பாதி. ஆடி வந்து பேண்டேஜுக்குக் கிராக்கி ஏறியதும், எல்லா வீட்டிலும் தார்க்கட்டை சுழல ஆரம்பித்துவிட்டது. ஞானபாக்கியம் கரும்பலகைக்கு முன்னால் நிற்க, எதிரே கருத்தம்மாவின் மகள் மாடத்தியும் இன்னும் இரண்டு மூன்று வாண்டுகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மாடத்திக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. ஊர்ச் சிலேட்டெல்லாம் தனக்கே கிடைத்த மாதிரி எழுதித் தள்ளினாள்.

பிச்சையம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் அந்த யோசனை அவளுக்கு உதித்தது. அந்தத் தெருவுக்குள் பிறந்து வளர்ந்தவளுக்குத்தான் அப்படி உதிக்கும்.

அங்கே பெரிய வழக்கு எதுவும் கோர்ட்டுக்குப் போகாது. முப்பிடாதி அம்மன் முன்னால் சூடத்தை ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் முடிந்தது. திருட்டு, பாகம், பொம்பளை விவகாரம், எல்லாவற்றுக்கும் அதுதான். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் என்ன நடந்தது என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்குச் சூடம் அணைக்கச் சொன்னது மட்டும் உலகத்திலேயே பிச்சையம்மாளாகத்தான் இருக்கும்.

ஞானபாக்கியத்துக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, பிள்ளையள அனுப்புங்கன்னு இன்னொரு தடவ கேப்போம். சத்தியமெல்லாம் எதுக்கு?"

"ஒங்க சாமி மன்னிச்சு விட்டுரும் டீச்சரம்மா. எங்க ஆத்தா அப்படி இல்ல. அதுக்குத்தான் அவகிட்ட போறோம்."

"மன்னிக்காத எடத்துல கொண்டு போயி ஜனங்களக் கட்டிப் போடலாமாக்கா?"

"கட்டாம விட்டாத்தான் அவுத்துக்கிட்டு ஓடுதாகளே. நீங்க எழுத்தச் சொல்லிக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் தெருவே கூடியது. வராமல் இருந்தால் பயந்தவன் என்று பெயர் வரும். அதனால் எல்லாரும் வந்தார்கள். பூசாரி கண்ணுச்சாமி பித்தளைத் தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். "எம் பிள்ளையத் தறிக்கு ஒக்கார வைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். தப்புனா ஆத்தா கேக்கட்டும்." இதைச் சொல்லி அணைக்க வேண்டும். யார் முதலில் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆண்கள் மீசையைத் தடவினார்கள்.

கருத்தம்மா முன்னால் வந்தாள். அப்போது அவள் நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினாள். நிமிர்ந்து பிச்சையம்மாளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "நீங்க கேட்டதுக்காக" என்று சொல்லாமல் சொன்ன சிரிப்பு அது. அவளுக்கு அப்புறம் வரிசை தானாக நகர்ந்தது. சமுத்திரம் கூட, "ஆத்தா, பீடிக்கு மட்டும் சத்தியம் கேட்றாத" என்று முனகிக்கொண்டே அணைத்தான்.

மறுநாள் கொட்டகையில் உட்கார இடமில்லை. தாரைச் சுற்றப் பெரியவர்களே முழித்திருந்தார்கள். முணுமுணுத்தார்கள், பிச்சையம்மாளை மண் அள்ளித் தூற்றினார்கள், ஆனால் ஒரு பிள்ளையையும் நிறுத்தவில்லை. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஏசினால் ஏசிவிட்டுப் போகட்டும்.

கார்த்திகையில் கருத்தம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அது பிறந்த கையோடு அவள் புருஷன் சிவனாண்டி படுத்துவிட்டான். பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்து, இருமினால் ரத்தம் வந்தது. தறிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பச்சை உடம்புக்காரி தறியில் நின்றாள். நிற்கலாம். தாரை யார் சுற்றுவது? கைப்பிள்ளையை யார் பார்ப்பது? தூசிக்குள் தூளி கட்ட முடியுமா? மாடத்தி ஒருத்திதான் இருந்தாள். அவளோ காலையில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போகாதே என்று சொல்ல, சூடம் அணைத்த கைக்குத் தெம்பு இல்லை.

மார்கழியில் ஒரு நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பிச்சையம்மாள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"மதினி, கண்ணுச்சாமி மாமாகிட்ட கேட்டேன். சத்தியம் பண்ணுனவளும் கேட்டு வாங்குனவளும் சேந்து போயி ஆத்தா முன்னால நின்னா, மஞ்சத்தண்ணி ஊத்திச் சத்தியத்த எறக்கிவிட்டுரலாமாம். செத்த நேரம் எங்கூட வாங்க."

பிச்சையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"எதுக்கு எறக்கணும்?"

"எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெருவுல எல்லாருக்குந்தான் கஷ்டம். நீ தட்டு ஏந்திப் போனவட்டி. மொத ஆளாச் சூடம் அணச்சவ. நீயே எறக்குனா, நாளைக்குத் தெருவே வந்து வரிசைல நிக்கும். தைல ஆபீசர் வாராரு. கொட்டகை காலியாக் கெடந்தா அவரு பூட்டச் சொல்லிட்டுப் போவாரு. பொறவு நம்ம அலஞ்சதெல்லாம் என்னத்துக்கு?"

"எம் பிள்ள ஒண்ணு கொறஞ்சா பூட்டிருவாவளா?"

"ஒண்ணுல நிக்காதுங்கேன்."

கருத்தம்மா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். குழந்தை சிணுங்கியது. முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"சத்தியத்த மீறிட்டு இருந்துரலாம்னு இவுக சொல்லுதாக. எனக்குப் பயமா இருக்கு மதினி. கைல பச்சப்பிள்ள இருக்கு."

"அப்ப மீறாத. தை முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"தை முடியுத வரைக்கும் என்ன செய்ய?"

"எப்படியாச்சும் சமாளிட்டி. நான் சமாளிக்கலயா?"

கருத்தம்மா குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள். வந்த வழியே போனாள். பிச்சையம்மாள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஞானபாக்கியம் வந்தாள். கருத்தம்மா வீட்டு நிலைமை மாடத்தி சொல்லித் தெரிந்திருந்தது.

"அக்கா, அந்தப் பிள்ள மத்தியானம் வரைக்கும் வரட்டும். தம்பியையும் தூக்கிட்டு வரட்டும். கொட்டகைல ஒரு மூலைல போட்டுக்கிடுதேன்."

"பாதி நாளுன்னு சத்தியம் பண்ணல டீச்சரம்மா."

"சத்தியத்தையா படிக்க வைக்கோம், பிள்ளையையாக்கா?"

"கைப்பிள்ளையப் போட்டுப் பாக்கதுக்குப் பள்ளிக்கூடம் வைக்கல. ஆபீசர் வந்து பாத்தா என்ன சொல்லுவாரு?"

ஞானபாக்கியம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். நாளைக்குக் காலையில் கருத்தம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பேச முடியவில்லை. காலையில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

தெருவே கூடிவிட்டது. கம்மாய்ப் பக்கம் போய்விட்டு வந்த சமுத்திரம்தான் பார்த்ததைச் சொன்னான்.

"விடிய முன்னாடி ஓடைப் பாலத்துல பாத்தேன். சட்டி பானையெல்லாம் சாக்குல கட்டிருந்தாவ. ஆத்தா காவல் எல்லை முடியுத கல்லுகிட்ட கருத்தம்மா பிள்ளையக் கெடத்திட்டு, கோயில் பக்கம் பாத்து விழுந்து கும்பிட்டா. பொறவு பிள்ளையத் தூக்கிட்டு அந்தாண்ட போயிட்டா. எங்க போறீயன்னு கேட்டேன். போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துல சிவனாண்டிக்குச் சின்னையா முறை ஒருத்தர் இருக்காராம்."

"சீக்கு ஆளக் கூட்டிக்கிட்டு மலைக்கா?" என்றாள் ஒருத்தி.

"எல்லைக்கு அந்தாண்ட ஆத்தா கேக்கமாட்டாள்லா. மீறவும் மனசில்ல, நிக்கவும் வழியில்ல. போயிட்டா." சொல்லிவிட்டு அவன் பிச்சையம்மாளைப் பார்த்தான். வழக்கமான கிண்டல் அவன் முகத்தில் இல்லை.

"போறவ எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா" என்றாள் பிச்சையம்மாள்.

தையில் ஆபீசர் வந்தார். கொட்டகை நிறைந்து வழிந்தது. சமுத்திரத்தின் மகன் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தான். அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாள். பிச்சையம்மாள் வாங்கி வாயில் போட்டாள். இனித்தது. இந்த நேரத்திலும் இனிக்கிறதே என்று இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சோறு தின்னும்போது காமராஜ் சொன்னான், "நீ அந்தக் கைப்பிள்ளைய வச்சிருந்திருக்கலாம்லாம்மா."

அவ்வளவுதான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். காலையில் அந்தப் பிள்ளையைத் தூக்கி வந்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் கொடுத்திருந்தால் போதும். தாரையும் ஒரு கை சுற்றிப் போட்டிருக்கலாம். மாடத்தி பள்ளிக்கூடம் போயிருப்பாள், கருத்தம்மா தறியில் நின்றிருப்பாள், சத்தியமும் கெட்டிருக்காது. இவளுக்கு என்ன வேலை வெட்டி முறிந்துவிட்டது? மகன் சம்பாதித்தான், இவள் பொங்கிப் போட்டாள். எதிரே அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றாளே, இப்படிக் கொடு என்று ஏன் கை நீட்டத் தோன்றவில்லை? தெரு முழுக்கப் பிள்ளை கேட்டு அலைந்தவளுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கத் தோன்றாமல் போய்விட்டது.

ஒரு தடவை போடிக்குப் பஸ் ஏறிப் போனாள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்காரர்களிடம் கேட்டாள். "எந்தத் தோட்டம்மா? மலை பூராவும் தோட்டம்தான்" என்றார்கள். பேர் தெரியாது. ஜீப் கிளம்புகிற இடத்தில் பொழுது சாயும் வரை உட்கார்ந்து, இறங்குகிற முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பள்ளிக்கூடம் வளர்ந்தது. ஓட்டுக் கொட்டகை போய் மாடி வைத்த மெத்தைக் கட்டிடம் வந்தது. சத்துணவு வந்தது. சமுத்திரத்தின் மகன் போலீசில் சேர்ந்தான். காமராஜின் பிள்ளைகளும் அங்கேதான் படித்தன. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் சேர்க்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன் கோயிலில் சூடம் அணைப்பது வழக்கமாகிவிட்டது. அக்கம்பக்கத்து ஊர்களில் சூடம் அணைக்கிற பள்ளிக்கூடம் என்றால்தான் தெரியும். அதைக் கொண்டுவந்தவள் என்று பிச்சையம்மாளை முன்னால் கூப்பிட்டு நிறுத்துவார்கள். நிற்பாள். வாய் மட்டும் முன்னைப் போல் பேசுவதில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொண்ணூற்றாறு ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். தேர் பார்த்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கையில், இடுப்பில் பெண்குழந்தையோடு ஒருத்தி வந்து கேட்டாள்.

"ஆச்சி, இது சங்கரன்கோவில் போற பஸ்ஸா?"

"எனக்கும் எழுத்துத் தெரியாது தாயி. ஏறி நின்னுக்கிட்டு எறங்குதவ மாதிரி முழிச்சா, கண்டக்டரே வந்து சொல்லுவான்."

அந்தப் பெண் போகவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள்.

"பிச்சையம்மா அத்தையா?"

அந்த நெற்றியையும் புருவத்தையும் அப்போதுதான் இவள் பார்த்தாள். கருத்தம்மாவை உரித்து வைத்திருந்தது.

"மாடத்தி. எங்கட்டி ஒங்க அம்மா?"

"அம்மா போயி நாலு வருஷமாச்சு அத்தை. அய்யா மொதல்லயே போயிட்டாவ. மலைக்குளிரு சேரல."

"தம்பி?"

"அவன் நாங்க மலைக்குப் போன அந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டான். ஆத்தா எல்லையத் தாண்டி வந்து எடுத்துக்கிட்டான்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு வந்தேன்லா, அதுக்கு."

கூட்டம் இடித்துக்கொண்டு போனது. பிச்சையம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஏசுனாளா?"

"ஒங்க பேச்ச எடுக்கவே மாட்டா. ஊருக்குப் போவோம்னு நான் அழுதா வாயப் பொத்துவா. ஆத்தாவுக்குக் கேட்ரும்னு."

"நீ அங்க படிச்சியாட்டி?"

"பள்ளிக்கூடம் மலைக்குக் கீழ இருந்துச்சு. நான் ஏலக்கா எடுக்கப் போயிட்டேன். டீச்சர் சொல்லிக் குடுத்ததுல ரெண்டு மூணு எழுத்து இன்னும் தெரியும். அது வந்தா கண்டுபிடிச்சிருவேன். சங்கரன்கோவில் போர்டுல அது வரல போல."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இடுப்பிலிருந்த குழந்தை பிச்சையம்மாளின் காதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒம் மவள நம்ம பள்ளிக்கூடத்துல கொண்டாந்து சேரு மாடத்தி. எங்க வீட்டுல இரு. நான் பாத்துக்கிடுதேன்."

"வேணாம் அத்தை. எங்க மாமியா ஊர்லயே பள்ளிக்கூடம் இருக்கு. அங்க சூடம் கேக்கமாட்டாவ."

கண்டக்டர் சங்கரன்கோவில், சங்கரன்கோவில் என்று கத்தினான். மாடத்தி போய் ஏறிக்கொண்டாள். ஜன்னலில் வந்து கையாட்டினாள்.

மறுநாள் பிச்சையம்மாள் கண்ணுச்சாமியிடம் போனாள். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்துத் தெரிந்துகொண்டார்.

"கருத்தம்மா சத்தியத்த எறக்கணும் மாமா."

"ரெண்டு பேரும் வரணும்லா தாயி. அவ எங்க?"

"செத்துப் போனா."

"அப்ப எப்படி எறக்க?"

"கேட்டு வாங்குனவ நான் வந்திருக்கேன்லா."

"அணச்ச கை வேணும்" என்றார் அவர். பிறகு, அவள் நிற்பது தெரிந்து, "வேணும்னா திருநீறு தாரேன், பூசிட்டுப் போ" என்றார். அவள் வாங்காமல் வந்துவிட்டாள்.

அடுத்த ஜூனில் வழக்கம் போல் கோயில் வாசலில் கூடினார்கள். தட்டில் சூடம் எரிந்தது. பிச்சையம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"இந்த வருஷம் சூடம் வேணாம். பிள்ளையச் சேருங்க, அம்புட்டுதான்."

சமுத்திரத்துக்குத் தலை நரைத்து, ஊரில் அவன் பேச்சு எடுபடுகிற காலம் அது. "ஏன் மதினி, நீங்க வச்ச பழக்கம்லா?" என்றான்.

"நான்தான் வச்சேன். நான்தான் வேணாங்கேன். பயத்துல ஒருத்தி ஊர விட்டே ஓடுனா. தெரியும்லா ஒனக்கு."

"அது எந்தக் காலத்துக் கத. இப்ப யாரு ஓடுதா? ஆத்தா காவல்ல பள்ளிக்கூடம் நல்லா நடக்கு. கைய வைக்கலாமா?"

வரிசையில் முதலில் நின்றது ஒரு சின்னப் பெண். இசக்கியம்மாள் என்று பெயர். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. "தள்ளுங்க அத்தை. அணைக்காட்டா எம் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் குனிந்தார்கள். கை தட்டில் படுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

அன்றைக்கு மத்தியானம் பிச்சையம்மாள் வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை தட்டு இல்லை, கூட ஆளும் இல்லை. சூடம் அணைத்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்.

"பொறவு முடியாமப் போச்சுன்னா ஓடிராதீய. எங்கிட்ட வாங்க. கைப்பிள்ள இருந்தா நான் வச்சிருக்கேன்."

"சரி அத்தை" என்றார்கள். அவள் படி இறங்கியதும் உள்ளே சிரித்தார்கள். ஊரையே ஏசின கிழவிக்கு என்ன வந்துவிட்டது?

இசக்கியம்மாள் மட்டும் விட்டுவிடவில்லை. "நெசமாவே வச்சிக்கிடுவீயளா? அப்ப இப்பவே வச்சிக்கிடுங்க. நான் ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்துருதேன், பெரிய வரிசையா இருக்கு" என்று இடுப்புப் பிள்ளையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பிள்ளை ஒரு நிமிஷம் முழித்தது. பிறகு வீல் என்று அழுதது. பிச்சையம்மாள் எழுந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். இசக்கியம்மாளின் அந்தச் சின்ன வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள். ரேஷன் கடையில் வரிசை நீளம் போலிருக்கிறது, இசக்கியம்மாள் வர வெகுநேரம் ஆனது. பிள்ளை அழுது ஓய்ந்து, எச்சில் வடிய அவள் தோளிலேயே தூங்கிவிட்டது. அது ஒன்றும் அப்படிக் கனமாக இல்லை.